காதலுக்கு எதுகை

'காதல்' என்ற சொல்லுக்கு எதுகை சொல்லுங்கள், பார்க்கலாம். பத்து எண்ணுவதற்குள்.

சாதல், மோதல் என்றுதானே சொன்னீர்கள்? தப்பில்லை. ஆனால், நீங்கள் தேடியது எதுகையை அல்ல, சொல்லின் வாலை. 'தல்' என்று எது முடியும் என்று யோசித்தீர்கள். அதற்குப் பெயர் இயைபு. நம் சினிமாப் பாட்டுக்காரர்களில் பலரும், காதலர் தினத்துக்குக் கவிதை எழுதும் கல்லூரி மாணவர்களும் பிடித்துக்கொண்டு தொங்குவது இந்த வாலைத்தான்.

பள்ளிக்கூடத்தில் படித்ததைக் கொஞ்சம் தூசு தட்டிக்கொள்வோம். முதல் எழுத்து ஒத்துவந்தால் மோனை. இரண்டாம் எழுத்து ஒத்துவந்தால் எதுகை. கடைசி ஒத்துவந்தால் இயைபு. எதுகைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. முதல் எழுத்துகள் அளவில் ஒன்றாக இருக்க வேண்டும். பட்டு, கட்டு எதுகை. பாட்டு, காட்டு எதுகை. பட்டுக்குப் பாட்டு எதுகை ஆகாது. குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில்.

மூன்றில் எது சுலபம்? சந்தேகமே வேண்டாம், இயைபுதான். வந்தேன், கண்டேன், நின்றேன், தின்றேன்... 'நான்' என்று ஆரம்பித்துவிட்டால் தமிழில் எந்த வினைச்சொல்லும் அநேகமாக 'ஏன்' என்றுதான் முடியும். பன்மையா? பூக்கள், ஈக்கள், நாட்கள், ஆட்கள். இலக்கணம் இனாமாகக் கொடுக்கிற ஓசை இது. கவிஞர் எதுவும் செய்யவில்லை. ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் இப்படி வரிசையாக ஒரே மாதிரி முடிவதில்லை. அங்கே வரிமுடிவை ஒக்கச் செய்ய உழைக்க வேண்டும். அதனால் அங்கே அதற்கு மரியாதை. இங்கே எதற்கு?

பி.காம். படித்தவர்களுக்கு கிரஷாம் விதி ஞாபகம் இருக்கும். மட்டமான நாணயமும் மதிப்புள்ள நாணயமும் ஒரே விலைக்குப் புழங்கினால், மட்டமானது தங்கிவிடும். நல்லது சந்தையிலிருந்து காணாமல் போகும். பாட்டிலும் நடப்பது அதுதான். இயைபுக்கும் கைதட்டல் கிடைக்கிறது, எதுகைக்கும் அதே கைதட்டல் என்றால், எவர் மெனக்கெடுவார்?

'மெட்டு அப்படி சார், வரி முடிகிற இடத்தில் ஒரே ஓசை கேட்கிறது' என்பார்கள். நியாயம்தான். டைரக்டர் ஒரு பக்கம், இசையமைப்பாளர் ஒரு பக்கம் உட்கார்ந்துகொண்டு, 'தனனா'வுக்கு உடனே வார்த்தை கேட்டால், கைக்குக் கிடைத்ததைத்தான் போட முடியும். நான் குறை சொல்வது அவசரத்தை அல்ல. நேரம் இருக்கும்போதும் அதையே செய்வதைத்தான்.

ஏன் என்றால், விஷயம் வெறும் ஓசை சம்பந்தப்பட்டது அல்ல. தமிழ்ச் சொல்லில் உயிர் முன்னால் இருக்கிறது. பின்னால் இருப்பவை பெரும்பாலும் விகுதிகள், வேற்றுமை உருபுகள். இயைபு வாலோடு வாலைக் கட்டுகிறது. எதுகை வேரோடு வேரைக் கட்டுகிறது. அதாவது, அர்த்தத்தோடு அர்த்தத்தை.

நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்தது. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் 12 தொகுதிகள். அதில் 11-வது தொகுதி, ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள்களைச் சொல்வது, எதுகை வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. ககர எதுகை, சகர எதுகை என்று. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். பிறகு, இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார் பெஸ்கி, நம் வீரமாமுனிவர், 1732-ல் சதுரகராதி தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள். நான்காவதான தொடையகராதி, செய்யுள் எழுதுகிறவர்களுக்காக எதுகைச் சொற்களைத் திரட்டிக் கொடுப்பது. கிட்டத்தட்ட 300 வருஷத்துக்கு முன்பே கவிஞர்களுக்கு ஒரு கைப்புத்தகம்!

இன்றைக்கு அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. சொல்லைத் தட்டினால் மோனை, எதுகை, இயைபு என்று தனித்தனியாகக் கொட்டுகிற வசதி வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால், அது பட்டியல்தான் தரும். எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எதை உட்கார வைப்பது என்பது எழுதுகிறவர் பாடு.

இப்போது மறுபடி காதலுக்கு வருவோம். வாலை விட்டுவிட்டு, நெடிலுக்குப் பின் 'த' வரிசை என்று தேடுங்கள். தூது, வீதி, பாதை, போதை, வேதனை, சோதனை வருகின்றன. இவை பழைய சரக்கு. இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஊதியம், கோதுமை, சீதனம். கடைசியில், சாதி.

பார்த்தீர்களா? வாலைப் பிடித்துப் போனபோது காதலுக்குப் பக்கத்தில் சாதல் மட்டும்தான் இருந்தது. எப்படிச் செத்தார்கள் என்று தெரியவில்லை. எதுகையைப் பிடித்துப் போனால் சாதியும் சீதனமும் எதிரே நிற்கின்றன. நம் ஊர்க் காதலின் கதை முழுக்க அதே அலமாரியில் இருக்கிறது. எடுக்கத்தான் ஆளில்லை.

இன்னொன்று. வயல். வாலைத் தேடினால் கயல், புயல், முயல், செயல். மீனும் முயலும் துள்ள, கிராமம் குளுகுளுவென்று ஒரு பாட்டு தயார். எதுகையைத் தேடுங்கள்: பயிர், வெயில், வியர்வை, வயிறு, துயர், கயிறு. கடன்பட்ட விவசாயி எந்தக் கயிற்றைத் தேடிப் போகிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-ல் இறந்தபோது அவருக்கு வயது 29. அந்தச் சின்ன வயதுக்குள் எழுதிய பாட்டுகள் இன்னும் நிற்பதற்குக் காரணம், அவர் கையாண்டது வயலிலும் தெருவிலும் புழங்குகிற சொற்கள். அகராதியில் தேடி எடுத்த அழகுச் சொற்கள் இல்லை.

எதுகை நமக்கு அந்நியமும் இல்லை. அக்கம் பக்கம், ஏட்டிக்குப் போட்டி என்று தினமும் பேசுகிறோம். யாப்பிலக்கணம் படிக்காத பாட்டியும் பேசினார். பாட்டெழுத உட்கார்ந்தால்தான் மறந்துபோகிறது.

பாட்டு எழுத ஆசைப்படும் வாசகர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். சொல்: கடன். முதலில் ஒரு குறில், அடுத்து 'ட' வரிசை. குடி, கடை, அடமானம், விடியல். நான்கு சொல்லிவிட்டேன். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். 'உடன்' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அது வாலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இனாம் கணக்கில் சேர்ந்துவிடும்.