கோடில்லாக் கோட்டோவியம்: ஃபிரீட்ரிக்கின் 'மாலை'யும் ஒரு கலைச்சொல்லும்

ஜெர்மானியப் புனைவியல் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் (1774–1840) 1824-ஆம் ஆண்டில் அட்டைமீது எண்ணெய் வண்ணத்தால் தீட்டிய சிறிய படம் 'மாலை'. மான்ஹைம் கலைக்கூடத்தில் உள்ள இப்படம் ஏறத்தாழ ஒரு சாண் உயரமே உடையது. இத்தகைய படங்களைக் கலைநூல்கள் எண்ணெய் வண்ண 'ஸ்கெட்ச்' என வகைப்படுத்துகின்றன. இச்சொல்லைத் தமிழாக்குங்கால் நேரும் பிழை, படத்தைக் காணும் முறையையே பிழைபடச் செய்துவிடும்.

'ஸ்கெட்ச்' என்பதற்குக் கோட்டோவியம், முன்வரைவு ஆகிய சொற்கள் தமிழில் வழங்குகின்றன. இரண்டும் இங்குப் பொருந்தா. இப்படத்தின் பெரும்பகுதி வானமே; அடியில் நிலம் இருண்ட பட்டையாக அமைந்துள்ளது. மேகங்களைக் கோடுகள் வரையறுக்கவில்லை. ஒரு வண்ணம் மங்கி மற்றொன்று தொடங்கும் இடமே அவற்றின் எல்லை. இதனைக் கோட்டோவியம் என்பது முரணாகும். முன்வரைவு என்பதோ பின்னர் வரவிருக்கும் முழுமையான படைப்பொன்றை எதிர்நோக்கும் சொல். இப்படத்தின் மதிப்பு அத்தகைய பின்வரவைச் சார்ந்ததன்று.

ஃபிரீட்ரிக் பெரும்பாலும் பென்சில் வரைவுகளைத் துணைக்கொண்டு பணியறையில் நிதானமாகத் தீட்டியவர். 1823 முதல் டிரெஸ்டனில் அவர் வாழ்ந்த வீட்டிலேயே குடியிருந்த நார்வே ஓவியர் யோஹான் கிறிஸ்டியன் டால், வான்காட்சிகளை எண்ணெய் வண்ணத்தில் விரைந்து பதிவு செய்யும் வழக்கமுடையவர். ஃபிரீட்ரிக்கின் 1824-ஆம் ஆண்டு வானப் படங்களில் டாலின் தாக்கத்தை ஆய்வாளர் காண்கின்றனர். லூக் ஹோவர்டின் வகைப்பாட்டிற்கேற்ப மேகங்களை வரைந்து தருமாறு 1816-இல் கதே வேண்டியபோது ஃபிரீட்ரிக் மறுத்ததும் இங்கு நினையத்தக்கது. பெயரிட்டுப் பிரித்த மேகங்களை வரைய மறுத்தவர், எட்டாண்டுகளுக்குப் பின் தீட்டியது எப்பெயரிலும் நிலைகொள்ளாத, மாறிக்கொண்டேயிருக்கும் வானையே.

சொல்வரலாறும் இதற்கு அரண் செய்கிறது. ஜெர்மனியின் 'ஸ்கிட்ஸெ', ஆங்கிலத்தின் 'ஸ்கெட்ச்' ஆகியன இத்தாலியின் 'ஸ்கிட்ஸோ' வழிவந்தவை. பலரும் ஏற்கும் கருத்தின்படி, அதன் வேர் முன்னேற்பாடின்றி உடனடியாகச் செய்யப்பட்டதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகும். அவ்வேரில் கோடு இல்லை, காலமே உள்ளது.

எனவே, 'எண்ணெய் வண்ண விரைவோவியம்' என்பதே இவ்வகைக்கு ஏற்ற தமிழாக்கம் எனலாம். விரைவு என்பது கவனமின்மையையும் உணர்த்தக்கூடுமே என்பது மறுப்பாக எழலாம். ஆயின், மாலை ஒளி ஓவியர்க்காகக் காத்திராது. இங்கு விரைவு என்பது கையின் குறையன்று. காணப்படும் பொருளின் இயல்பு. பென்சில் வரைவுகளுக்குக் கோட்டோவியம் என்னும் சொல்லே தொடர்ந்து பொருந்தும். மூலமொழியில் ஒரே சொல்லாக இருப்பது தமிழில் இருசொல்லாக அமைவதில் இழுக்கில்லை. கோட்டையும் வண்ணத்தையும் பிரித்துணர அதுவே துணைசெய்யும்.