'அலைவாங்கி' பொருந்துமா?

'ஆன்டெனா'வை 'அலைவாங்கி' என்கிறோம். சொல் இனியது, பொருளோ பாதியே. லேடாங் மலையுச்சியின் ஒலிபரப்புக் கோபுரத்திலுள்ளது அலையை வாங்குவதில்லை; வழங்குகிறது. பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதாதலின், அஃது அவ்வுயரத்தில் நிற்கிறது. மலாக்காத் தோட்டத்துக் கூரைமேல் உள்ள கம்பியே அவ்வலையை வாங்குகிறது. ஆயினும் இரண்டிற்கும் இலக்கணம் ஒன்றே. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் பாதியாகிய 1.5 மீட்டர் அளவுக் கம்பி, அனுப்புதற்கும் ஏற்பதற்கும் ஒருங்கே பொருந்தும். கைப்பேசியில் ஒரே உறுப்பு இருதொழிலும் புரிகிறது. 'வாங்கி' என்றே பயின்ற மாணவன் இவ்வுண்மையை எங்ஙனம் உணர்வான்?

'அலைக்கொம்பு' எனலாம். கொம்பு வடிவைக் குறிக்கும், தொழிலைப் பாதியாக்காது. கலைச்சொல் தமிழாய் இருந்தால் மட்டும் போதாது. மெய்யாயும் இருத்தல் வேண்டும்.