உரித்த மாடமும் உடுத்திய மாடமும்

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் தில்லித் தமிழர் நாம் செய்வது ஒன்றுதான். முதல் நாள் செங்கோட்டை, மறுநாள் விடியற்காலையில் ஆக்ராவுக்கு வண்டி. தாஜ்மகாலைப் பார்த்து "அடேயப்பா!" என்று சொல்லித் திரும்பிவிட்டால் மொகலாயக் கட்டடக்கலையைப் பார்த்து முடித்தாயிற்று என்று கணக்கு. தாஜுக்கு முன்னால் அந்தக் கலை எப்படி வளர்ந்தது, பின்னால் அதற்கு என்ன ஆயிற்று என்பதைத் தில்லிக்குள்ளேயே அரைநாளில் பார்த்துவிடலாம். லோதி ரோட்டின் இரண்டு முனைகளுக்கும் போய்வந்தால் போதும்.

கிழக்கு முனைப் பக்கம், நிஜாமுதீனில், ஹுமாயூன் சமாதி. நூலகப் படியில் தவறி விழுந்து 1556-ல் இறந்த மன்னருக்கு 1560-களில் எழுப்பத் தொடங்கியது. பாரசீக மரபில் தேர்ந்த மீரக் மிர்ஸா கியாஸ் அமைத்தது. நான்காகப் பிரித்த தோட்டம், உயர்ந்த மேடை, நடுக்கூடத்தைச் சுற்றி எட்டு அறைகள் என்ற அமைப்பு. இதற்கு 'எட்டு சொர்க்கம்' என்று பெயர். உல்லாச மாளிகைகளுக்கும் இதே அமைப்புதான். அதனால்தான் இங்கே நிற்பவனுக்குச் சாவு நினைவு வருவதில்லை, அரண்மனைக்கு வந்தாற்போல இருக்கிறது. குவிமாடமும் இரட்டை ஓடு. வெளியே பார்க்க ஒரு உயரம், உள்ளே அண்ணாந்தால் அறைக்கு ஏற்ற வேறொரு உயரம்.

கொஞ்ச தூரத்தில் அப்துல் ரஹீம் கான்-இ-கானான் சமாதி. அக்பரின் தளபதி, ஈரடிகளால் இந்தி உலகமே அறிந்த கவிஞர். தம் மனைவிக்காக 1598-ல் இதை எழுப்பினார். 1627-ல் அவரும் இங்கேயே அடங்கினார். மதுரா ரோடு பஸ்ஸில் போகும்போதெல்லாம், கட்டி முடிக்காமல் பாதியில் விட்ட கட்டடம் என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். விஷயம் அதுவல்ல. முடித்த கட்டடத்தைத்தான் பிற்பாடு உரித்திருக்கிறார்கள்.

உரித்த கல் எங்கே போயிற்று? லோதி ரோட்டின் மேற்கு முனைக்கு. 1754-ல் இறந்த அயோத்தி நவாப் சப்தர்ஜங்குக்கு மகன் எழுப்பிய சமாதிக்கு இங்கிருந்துதான் சலவைக்கல் போனது.

சப்தர்ஜங் சமாதியை அணையப்போகும் விளக்கின் கடைசிச் சுடர் என்பார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். தாஜில் நான்கு மினார்களும் மேடையின் மூலைகளில் தள்ளி நின்று நடுக்கட்டடத்துக்கு மூச்சுவிட இடம் தருகின்றன. இங்கே கோபுரங்கள் கட்டடத்தோடேயே ஒட்டிக்கொண்டன. அதனால் அகலம் குறைந்து, உயரம் மட்டும் தூக்கலாகத் தெரிகிறது. ஆனால் உள்ளே போய்ச் சுண்ணச் சாந்து வேலைப்பாட்டைப் பாருங்கள். தொழிலாளியின் கை தளரவே இல்லை. தளர்ந்தது கஜானா. 1739-ல் நாதிர்ஷா சூறையாடிப் போன தில்லி அது. மக்ரானாவிலிருந்து புதுக்கல் தருவித்த காலம் போய், பக்கத்துச் சமாதியைப் பெயர்க்கும் காலம் வந்துவிட்டது. ஆகவே 'கலை வீழ்ந்தது' என்பதைவிட, கலைஞனைத் தாங்கிய அரசு வீழ்ந்தது என்பதே நியாயமான தீர்ப்பு.

ரஹீம் சமாதியை 2014 முதல் 2020 வரை பழுதுபார்த்தார்கள். மாடம் முழுவதற்கும் மறுபடி சலவைக்கல் போர்த்தவில்லை. போர்த்தியிருந்தால் அழகாக இருக்குமே என்று தோன்றும். வேண்டாம் என்பது என் கட்சி. உரித்த இடத்தில்தான், மேல் பளபளப்புக்கு அடியில் கரடுமுரடான கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து மாடம் எப்படி நின்றது என்று தெரிகிறது. புதுக்கல் போர்த்தினால் அந்தப் பாடமும் மறையும், நடந்த கொள்ளையும் மறையும். பழுதுபார்ப்பது வேறு, வடுவை அழிப்பது வேறு.

அடுத்த முறை விருந்தாளி வந்தால், ஆக்ராவுக்குக் கிளம்புமுன் இந்த இரண்டு மாடங்களையும் காட்டுங்கள். முதலில் உரித்தது, பிறகு உடுத்தியது. இந்த வரிசையில் பார்த்துவிட்டுப் போனால், தாஜின் வெண்மைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே கேட்கத் தோன்றும்.