ஐந்து விரலும் விரிய

குடவோலை என்றால் குடத்தில் ஓலையைப் போட்டு எடுப்பது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்து முடித்துவிட்டோம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சாசனத்தை முழுதாகப் படித்தால், அதை வகுத்தவர்கள் மனிதர்களை எவ்வளவு கரைத்துக் குடித்திருந்தார்கள் என்பது புரியும்.

சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 921. ஊரில் 30 குடும்புகள். இன்றைய வார்டு மாதிரி. ஊர்க் காரியம் பார்க்கும் குழுக்களான வாரியங்களுக்குத் தகுதியுள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, முகப்போலையான வாயோலை பூட்டிக் குடத்தில் இடுகிறார்கள்.

இனிமேல்தான் விருந்து. சிறியவர் முதல் பெரியவர் வரை சபை கூட வேண்டும். அன்று ஊரிலிருக்கும் கோயில் அர்ச்சகர்களான நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்தில் அமர வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, மேல்நோக்கியபடி, எல்லோரும் காணக் குடத்தைத் தூக்க வேண்டும். மேல்நோக்கி ஏன்? குனிந்தால் கண் குடத்துக்குள் போகுமே! உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் கட்டு ஒன்றை எடுப்பான். அந்த ஓலைகளை வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்துத் தர வேண்டும். அதை நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும்.

இந்த ஐந்து விரலில்தான் நான் சொக்கிப்போகிறேன். மடக்கிய விரலிடுக்கில் இன்னோர் ஓலை ஒளிந்திருக்கலாம் என்று சாசனம் சொல்லவில்லை. கை எப்படி இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. யாரையும் திருடன் என்று சொல்லாமலே திருட்டுக்கு வழியடைத்துவிட்டார்கள். மத்தியஸ்தன் வாசித்தாலும் போதாது. மண்டபத்து நம்பிமார் அனைவரும் அந்த ஓலையை வாசித்த பிறகே பெயர் எழுதப்படும்.

வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது. அவருடைய தகப்பன், மகன், மைத்துனன், மாமனார், மருமகன், அத்தை பிள்ளை, சித்தி பிள்ளை யாரும் வர முடியாது. பினாமிக் கலையில் தேர்ந்த நம் காலத்தவரே கூடுதலாக ஓர் உறவைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஆனால் இது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த பிரம்மதேய ஊரின் சபை. இறை (வரி) செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி எல்லாம் வேண்டும். பெண்ணுக்கும் உழுதவருக்கும் அங்கே ஓலை இல்லை. மேடையில் ஜனநாயகப் பெருமை முழங்குகிறவர்கள் இதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறார்கள்.

இந்தச் சாசனத்துக்கு முந்தைய 919ஆம் ஆண்டுச் சாசனம் 30 முதல் 60 வரை வயது வைத்தது. இரண்டே ஆண்டில் அதை 35 முதல் 70 என்று மாற்றினார்கள். இரண்டு சாசனங்களும் ஒரே கோயிலில்தான் இருக்கின்றன, சேர்த்துப் படியுங்கள்.