காட்டாத படமும் மாலை போட்ட படமும்

ரொலான் பார்த் தன் அம்மாவின் அந்தப் படத்தைக் கடைசிவரை நமக்குக் காட்டவில்லை. புகைப்படம் பற்றி அவர் எழுதிய ‘கேமரா லூசிடா’ முழுக்க அந்த ஒரு படத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. 1898இல், ஐந்து வயதில், கண்ணாடிக் கூரை போட்ட தோட்டத்தில் அண்ணனோடு நிற்கும் ஒரு சிறுமி. அம்மா 1977 அக்டோபர் 25 அன்று இறந்தார். பிறகு பழைய படங்களைப் புரட்டுகிறார் பார்த். வேறெதிலும் அகப்படாத அம்மா, தான் பிறப்பதற்கு முந்தைய இந்தப் படத்தில் அகப்பட்டதாகச் சொல்கிறார். நூலில் யார் யாருடைய படமோ இருக்கிறது, இது மட்டும் இல்லை. உங்களுக்கு இது இன்னொரு பழைய போட்டோ, அவ்வளவுதான் என்பது அவர் சொல்லும் காரணம். நூல் 1980 தொடக்கத்தில் வந்தது. அந்த மார்ச்சிலேயே அவரும் போய்விட்டார்.

புதுச்சேரியில் வளர்ந்தவளுக்கு இந்த மறைப்பு முதலில் விநோதமாகத்தான் இருக்கும். நாம் செத்தவர்களின் படத்தை மறைக்கிற ஆட்களே இல்லை. கூடத்தில், வாசற்படி தாண்டியதும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு சின்ன பல்பும் போட்டு விடுகிறோம். சொல்தா வீடுகளில் பிரெஞ்சு ராணுவ உடுப்போடு தாத்தா நிற்பார். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர், வருஷம் திரும்பினால் பேப்பரில் நினைவஞ்சலி. ஊருக்கே காட்டினால்தான் துக்கம்.

இது ஃபிளெக்ஸ் வந்தபிறகு வந்த பழக்கமும் இல்லை. இங்கே செயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், மானுடவியலாளர் ஸோயி ஹெட்லி முன்னின்று, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கினார்கள். அப்படிப் பாதுகாக்கவேண்டிய அளவுக்கு நம் குடும்ப வரலாறு ஸ்டுடியோக்காரர்கள் கையில் இருந்திருக்கிறது. சாவு வீட்டுக்கும் அவர்களைத்தான் கூப்பிட்டார்கள். பிணத்தை நாற்காலியில் சாய்த்து, தாடையைக் கட்டி, நெற்றியில் காசு வைத்து, சுற்றிக் குடும்பமே நின்று எடுத்துக்கொண்ட படங்கள் பல வீட்டு டிரங்குப் பெட்டிகளில் இன்னும் கிடக்கின்றன. சிலருக்கு வாழ்க்கையில் எடுத்த ஒரே போட்டோ அதுதான்.

பார்த்தின் வாதத்தில் எனக்குத் தகராறு வருவது இந்த இடத்தில். புகைப்படம் துக்கத்தைக் கரைக்க உதவாது என்கிறார். அது அசையாது, மாறாது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது, பார்த்துக்கொண்டு உட்காரலாம், அவ்வளவுதான். தனியாக ஒரு அறையில், விளக்கடியில் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு இது உண்மை. ஆனால் நம் வீட்டில் படம் என்பது பார்க்கிற பொருள் மட்டும் இல்லையே. துடைக்கணும், பூ மாத்தணும், திதியன்று அதன் முன்னால் இலை போட்டுப் படைக்கணும், யாருக்காவது வேலை கிடைத்தால் வந்து சொல்லணும். கைக்கு ஒரு வேலை இருக்கிறது. துக்கத்துக்கு அது சின்ன உதவி இல்லை.

என் அம்மாவுக்குத் தனிப் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாப் படத்திலும் ஓரத்தில் நிற்பார், அல்லது பந்தியில் குனிந்து பரிமாறிக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்துதான் வெட்டி எடுத்தோம். ஸ்டுடியோ பையன் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினான். “அக்கா, தோள்ல யாரோ கை போட்டிருக்காங்க, விரல் மட்டும் தெரியுது. அழிச்சிடவா?” அது சித்தியின் விரல். “இருக்கட்டும்பா” என்றார் அப்பா. படத்தில் தற்செயலாக வந்து நம்மைக் குத்தும் சின்ன விவரத்துக்குப் பார்த் ‘பங்க்டம்’ என்று பேர் வைத்தார். அது பார்க்கிறவரின் தனி அனுபவம் என்பது அவர் கட்சி. எங்கள் வீட்டில் அது குடும்பமாகக் கூடி எடுத்த முடிவு.

அதற்காக அவரைத் தோற்கடித்துவிட்டோம் என்று நான் சொல்லவரவில்லை. அவர் சொன்ன இன்னொன்று அப்படியே பலித்திருக்கிறது. படம் நினைவைக் கொண்டுவருவதில்லை, நினைவு இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பார். இரண்டு வருஷம் கழித்து, கண்ணை மூடினால் எனக்கு வருவது அந்த வெட்டிய முகம் மட்டும்தான். திட்டும் முகம், தூக்கக் கலக்கத்தில் பால் பாக்கெட் வாங்கும் முகம் எல்லாம் பிரேமுக்குப் பின்னால் போய்விட்டன. மாலை போட்ட படம் துக்கத்துக்கு வேலை கொடுக்கிறது, சரி. பதிலுக்கு மிச்ச முகங்களை வாங்கிக்கொள்கிறது.

அப்படியானால் புதிதாகப் படம் எடுக்கலாமா? ஜப்பானியப் புகைப்படக்காரர் இஷியுச்சி மியாக்கோ எடுத்தார். 2000இல் அம்மா இறந்தபிறகு, அவர் விட்டுப்போன லிப்ஸ்டிக், உள்ளாடைகள், காலணி என ஒவ்வொன்றாகப் படமெடுத்தார். 2005 வெனிஸ் பினாலேவில் ஜப்பான் சார்பாக அவை வைக்கப்பட்டன. அம்மாவோடு அவருக்கு அவ்வளவு சுமுகமான உறவு இருக்கவில்லை என்பது முக்கியம். அந்தப் படங்களில் பாசம் பொங்கவில்லை. ‘நீ யார்?’ என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கேட்பதுபோல் இருக்கிறது. முகம் இல்லாததால் எந்த முகமும் மற்றதை மறைப்பதில்லை.

நானும் போனில் எடுத்துப் பார்த்தேன். அஞ்சறைப் பெட்டி, கட்டைவிரல் பதிந்த செருப்பு, பிளவுஸ் பையில் செருகிவைத்த மருந்துச் சீட்டு. நல்ல படம் ஒன்றும் தேறவில்லை. ஆனால் ஒரு செருப்பை வெளிச்சம் பார்த்துத் திருப்பித் திருப்பி வைக்கும்போது, இவர் இடதுகாலைத் தேய்த்து நடந்திருக்கிறார் என்று தெரிந்தது. உயிரோடு இருக்கையில் கவனிக்காத ஒன்று. கூடத்துப் படம் எனக்கு ஏற்கெனவே தெரிந்த அம்மாவைத்தான் திரும்பத் திரும்பக் கொடுக்கிறது.

‘கேமரா லூசிடா’வைப் படிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். முதல் பாதியின் கலைச்சொற்களில் மாட்டிக்கொள்ளாமல் அம்மா வரும் இரண்டாம் பாதியிலிருந்து தொடங்குங்கள். அவர் ஏன் அந்தப் படத்தைக் காட்டவில்லை என்பது அங்கே புரியும். காட்டியிருந்தால் நாம் எல்லோரும் அவருடைய அம்மாவை ஒரே முகமாக நினைவில் வைத்திருப்போம். பிறகு, அம்மா அப்பா இருக்கிறவர்கள் அவர்களைக் கொஞ்சம் படமெடுத்து வையுங்கள். சிரிக்கச் சொல்லாமல், வேலை செய்யும்போது, பக்கவாட்டில், பின்னாலிருந்து, நிறைய. கூடத்தில் மாட்ட ஒன்று போதும். மற்றவை, அந்த ஒன்று மொத்தமாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு.