“ஓரிரு இடங்களில்…”: வானிலை அறிக்கை மீது ஒரு விமரிசனம்

நாவலுக்கு விமரிசனம் எழுதுகிறோம். நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் எழுதுகிறோம். ஆனால் ஐப்பசி முதல் மாசி வரை காவிரிப் படுகையில் எந்த நாவலையும்விடக் கவனமாகக் கேட்கப்படும் உரைநடை ஒன்று உண்டு. அதை யாரும் விமரிசிப்பதில்லை. “தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்பு உள்ளது” என்பது அதன் வழக்கமான வாக்கியம். இதைக் கேட்டுத்தான் திருக்காட்டுப்பள்ளியில் அறுவடை எந்திரத்துக்குச் சொல்லி விடுவதா, வேண்டாமா என்று முடிவாகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் தை மாதக் கடைசியில் எங்கள் அடுத்த வயல்காரரான அண்ணன் ஒருவர் இந்த வாக்கியத்தைக் கேட்டு, முற்றிய சம்பாவை அறுக்காமல் இரண்டு நாள் நிறுத்தினார். எங்கள் பக்கம் ஒரு துளியும் விழவில்லை. கடலோரத்தில் சில ஊர்களில் நன்றாகப் பெய்தது. மூன்றாம் நாள் “லேசான மழை” என்றார்கள். லேசானதுதானே என்று அறுத்து, நெல்லைச் சாலையோரம் காய வைத்தார். அன்றிரவு பெய்தது ஏறக்குறைய 1 செ.மீ. படுதா போதவில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிட்டார்கள். “பெய்யும்ன்னா பெய்யல, பெய்யாதுன்னா பெய்யுது, என்ன விஞ்ஞானம் தம்பி இது?” என்று என்னைக் கேட்டார்.

உண்மையில் அந்த இரண்டு அறிவிப்புகளும் சரியாகவே பலித்தன. பிழை விஞ்ஞானத்தில் இல்லை. அது வந்து சேரும் மொழியில் இருந்தது. எப்படி என்று சொற்களைப் பிரித்துப் பார்ப்போம்.

“ஓரிரு இடங்கள்” என்றால் நாம் இரண்டு ஊர் என்று எண்ணிக்கொள்கிறோம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் அதன் பொருள் வேறு. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் அல்லது அதற்குக் குறைவானவற்றில் மழை பெய்தால் அது “ஓரிரு இடங்கள்”. 26 முதல் 50 சதவீதம் வரை “ஒரு சில இடங்கள்”. 51 முதல் 75 வரை “பல இடங்கள்”. அதற்கு மேல் “பெரும்பாலான இடங்கள்”. அட்டவணையில் இவை துல்லியமானவை. காதில் விழும்போதோ “ஓரிரு” என்பதற்கும் “ஒரு சில” என்பதற்கும் யார் வேறுபாடு காண முடியும்? அளவுகோலின் இரண்டு கோடுகளுக்கு இரட்டைப் பிள்ளைகளைப் போல் பெயர் வைத்தது முதல் குறை.

“கனமழை” என்பதும் அப்படியே. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால்தான் கனமழை, 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை. அதற்கும் மேல் அதிகனமழை. 2.5 முதல் 15.5 மி.மீ. வரை லேசான மழை. இந்த 24 மணி நேரம் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. ஆகவே, பத்திரிகையில் ஒரு தேதியிட்டு வரும் மழையளவின் பெரும்பகுதி முந்தைய நாள் பெய்ததாக இருக்கும். இதை ஒரு வரியில் விளக்கிப் போடும் பத்திரிகையை நான் கண்டதில்லை.

எனக்கு மிகவும் உறுத்துவது “வாய்ப்பு” என்ற சொல்தான். துறையின் ஆங்கில அறிக்கையில் மூன்று படிகள் உண்டு: “லைக்லி” என்றால் 25 முதல் 50 சதவீதம், “வெரி லைக்லி” என்றால் 50 முதல் 75, “மோஸ்ட் லைக்லி” என்றால் 75க்கு மேல். தமிழுக்கு வரும்போது மூன்றும் ஒரே “வாய்ப்பு” ஆகிவிடுகின்றன. மூன்றில் ஒரு பங்கு நம்பிக்கையும் முக்கால் பங்கு நம்பிக்கையும் ஒரே சொல்லால் சொல்லப்பட்டால், அறுவடையைத் தள்ளிப்போடுவதா என்று கேட்பவனுக்கு அந்தச் சொல்லால் என்ன பயன்?

நிறங்களுக்கு வருவோம். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று படிப்படியாக ஏறும். இது வெள்ளத்தை மனத்தில் கொண்டு அமைந்த ஏணி. கார்த்திகையில் அது நமக்குப் பொருந்தும். தையிலோ பயிரின் நிலை வேறு. 1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டரில் பரப்பிய நெல்மீது 10 மி.மீ. பெய்தால் 1,000 லிட்டர்! அறிக்கையில் அது “லேசான மழை”, நிறம் பச்சை. வயல் நனைந்துவிட்டால் டயர் வண்டி இறங்காது. பெல்ட் வண்டிக்குக் காத்திருந்து கூடுதல் வாடகை தர வேண்டும். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் வங்கக் கடல் தாழ்வு மண்டலம் ஒன்று இலங்கையைக் கடந்தபோது படுகையில் கதிர் முற்றிய சம்பாவும் தாளடியும் சாய்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே அளவு மழை கார்த்திகையில் வரம், தையில் நட்டம். நிறம் மட்டும் மாறுவதில்லை.

இது நெல்லுக்கு மட்டுமான சிக்கல் அன்று. காஷ்மீரத்தின் குல்மார்குக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகிறவர்களுக்கும் இதே தொல்லைதான். ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பிவட வண்டி ஏறும் சரிவோ 4,000 மீட்டரை நெருங்குகிறது. உயரே போகப்போக 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி வெப்பம் குறைவதால், கீழே மழையாக விழுவது மேலே பனியாக விழலாம். “பனி பெய்யும்” என்ற அறிவிப்பை அங்கே “எந்த உயரத்தில்?” என்று கேட்காமல் படிப்பது வீண். போதிய பனி இல்லாமல் 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த குளிர்கால விளையாட்டுகள் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. அவர்கள் உயரத்தைக் கேட்பதுபோல் நாம் பயிரின் பருவத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது.

துறையைக் குறை சொல்வதோடு நின்றால் நியாயமாகாது. 2018 நவம்பரில் கஜா புயல் கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரை கடக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். 16ஆம் தேதி அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கடந்தது. பெரிய புயலில் கை தேர்ந்தவர்கள்தாம். செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் வானிலை அறிக்கையையும் பாராட்ட வேண்டும். அடுத்த ஐந்து நாள் மழையை மி.மீ. கணக்கிலும், காற்றின் வேகம், ஈரப்பதம் ஆகியவற்றை எண்களிலும் தருகிறது. ஆயினும் கல்லணைப் பக்கத்திலிருந்து அதிராம்பட்டினக் கடற்கரை வரை நீண்ட மாவட்டத்துக்கு ஒரே எண் என்றால், அது சராசரியே தவிர எந்த ஊரின் மழையும் அன்று.

கைப்பேசிச் செயலிகள் இதற்கு மாற்று என்று சிலர் சொல்கிறார்கள். “திருக்காட்டுப்பள்ளி, மாலை 4 மணி, 60 சதவீதம்” என்று காட்டுவதைப் பார்த்து நான் மயங்குவதில்லை. 2025 மே மாதம் நம் நாடு தொடங்கிய புதிய கணிப்பு முறையின் கட்டமே 6 கிலோமீட்டர் அகலம். ஒரு கட்டத்துக்குள் குடமுருட்டியின் இரு கரைகளும் பல கிராமங்களும் அடங்கிவிடும். ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டால் எண் கூர்மையாகிவிடாது.

அறிக்கையை எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தால் இப்படி எழுதுவேன்: “தஞ்சாவூர் மாவட்டத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மிகாத இடங்களில், பெரும்பாலும் கடலோரத்தில், 6½ செ.மீ.க்கு மேல் பெய்யலாம். பூதலூர், திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் 1 செ.மீ. வரை பெய்ய 50 முதல் 75 சதவீத வாய்ப்பு. அறுத்த நெல்லை மூடி வையுங்கள்.”

இதை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நாலுல ஒரு பங்குன்னா அதுல நம்ம ஊரு இருக்கா இல்லையா?” என்றார். முந்தைய நாளே அதைச் சொல்ல எந்தக் கணிப்பொறிக்கும் இன்று இயலாது. காரைக்கால் ரேடார் சொல்லக்கூடும். அதுவும் மேகம் திரண்ட பிறகு, இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக.