பட்டினிக் கரையில் உருவாகும் முக்குளிப்பாளர்கள்

2009-ல் பிரான்சின் ஸ்டெஃபான் மிஃப்சூத் 11 நிமிடம் 35 விநாடி தம் கட்டினார். குளத்து நீரில் முகம் கவிழ்த்து, கை கால் அசைக்காமல் மிதந்தபடி செய்த சாதனை அது. வட பசிபிக் கடலின் பெண் யானை சீல், சாதாரண ஒரு முக்குளிப்புக்கே 20 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அதுவும் சும்மா மிதந்துகொண்டு அல்ல. 500, 600 மீட்டர் ஆழத்தில் மீனும் கணவாயும் தேடி நீந்திக்கொண்டே. மேலே வந்து இரண்டு மூன்று நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இறங்கிவிடும். இரவு பகல் பாராமல் மாதக்கணக்கில் இதுதான் வேலை.

இந்தத் திறன் குட்டிக்குப் பிறவியிலேயே கைகூடிவிடுவதில்லை. அது எப்படி வந்து சேர்கிறது என்பதில், பயிற்சியைப் பற்றி நாம் வைத்திருக்கும் பல எண்ணங்கள் ஆட்டம் காண்கின்றன.

கலிபோர்னியாவின் அன்யோ நுவேவோ கடற்கரையில் குளிர்காலத்தில் யானை சீல்கள் குட்டி போடுகின்றன. பிறக்கும்போது 35, 40 கிலோ. தாய் ஒரு வாய்கூட உண்ணாமல் ஏறக்குறைய நான்கு வாரம் பாலூட்டுகிறது. குட்டி 130 கிலோ அளவுக்கு ஊதிப்போகிறது. அதன்பின் தாய் கடலுக்குப் போய்விடும். திரும்பி வந்து பார்ப்பதும் இல்லை, கற்றுக்கொடுப்பதும் இல்லை. குட்டி ஏறத்தாழ இரண்டரை மாதம் சாப்பாடே இல்லாமல் கரையில் கிடக்கிறது.

பார்க்கிறவர்களுக்கு அது வெறும் சோம்பலாகத் தெரியும். என்னைக் கேட்டால், அதன் வாழ்நாளின் முக்கியமான பயிற்சி முகாமே அதுதான். எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கரைகிறது. அதே நாட்களில் உடம்பின் ஆக்ஸிஜன் சேமிப்பு கூடுகிறது. இருட்டும் வேளையில் ஆழமில்லாத நீரில் இறங்கி முங்கி எழுந்து பழகுகிறது. கரையில் தூங்கும்போதுகூட நிமிடக்கணக்கில் மூச்சை நிறுத்தி நிறுத்தித் தூங்குகிறது.

சேமிப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. மனிதன் நெஞ்சு நிறைய மூச்சிழுத்துக்கொண்டு முங்குகிறான். சீல் மூச்சை வெளியே விட்டுவிட்டு முங்குகிறது. ஆழத்தில் நீரின் அழுத்தம் நுரையீரலைச் சுருக்கிவிடும் என்பதால், அதன் கையிருப்பு ரத்தத்திலும் தசையிலும்தான். நமக்கு ஒரு கிலோ எடைக்கு 70 மில்லி அளவில் ரத்தம். வளர்ந்த யானை சீலுக்கு 200 மில்லிக்கும் மேல். தசையில் ஆக்ஸிஜனைப் பிடித்துவைப்பது மயோகுளோபின் என்ற புரதம். நம் தசையில் இருப்பதைப்போலப் பத்து மடங்குக்குக் குறையாமல் அது சீல் தசையில் செறிந்திருப்பதால், இறைச்சியே கறுத்துத் தெரியும்.

முங்கியதும் இதயத் துடிப்பு மந்தமாகிறது. தசைக்குப் போகும் ரத்தம் வெகுவாகக் குறைக்கப்பட்டு மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கப்படுகிறது. நீந்தி உழைக்கும் முதுகுத் தசை தன் சொந்தச் சேமிப்பை வைத்தே காலம் தள்ள வேண்டும். குட்டிக்கு ரத்தம் சீக்கிரம் பெருகிவிடும். தசையில் மயோகுளோபின் நிறைவது தாமதம். அதனால் குட்டியின் எல்லையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தசைதான்.

அண்டார்டிகாவின் வெட்டெல் சீல் இன்னும் வியப்பூட்டுகிறது. 1960களில் மெக்மர்டோ விரிகுடாப் பகுதியில் ஜெரால்டு கூய்மன் ஆழம் பதியும் கருவியை மாட்டி ஆராய்ந்த இனம் அது. பனிக்கட்டி மேல் பிறக்கும் அதன் குட்டியின் தசையில், உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா வளர்ந்த சீலைவிட அதிகம். கொழுப்புப் போர்வை தடிக்காத வயதில் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள அது உதவுவதாகக் கருதுகிறார்கள். வளர வளர மைட்டோகாண்ட்ரியா குறைகிறது, மயோகுளோபின் ஏறுகிறது. மாரத்தான் வீரர் பயிற்சியால் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்குகிறார். இங்கே நேர் எதிர். எஞ்சினைச் சிறிதாக்கி டேங்கைப் பெரிதாக்கும் வேலை நடக்கிறது.

மயோகுளோபினை ஏற்றுவது எது? சுண்டெலிகளில் நடந்த ஆய்வு ஒரு துப்புத் தருகிறது. ஆக்ஸிஜன் குறைந்த சூழலில் சும்மா இருந்தபோது அது கூடவில்லை. அதே சூழலில் தசை உழைத்தபோது கூடியது. குட்டி சீல் மூச்சடக்கியபடி நீந்திப் பழகும்போது இந்த இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் வசந்தத்தில் கடலேறும் குட்டி முழுத் தகுதி பெற்றதல்ல. அதன் முக்குளிப்பு தாயினுடையதைவிடக் குட்டை, ஆழமும் குறைவு. முதல் ஆண்டைத் தாண்டுபவை பாதிக்கும் குறைவு. மற்றவற்றின் சாவில் பசிக்கும் சுறாவுக்கும் பங்குண்டு.

நீச்சல் பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். படபடவென்று பலமுறை மூச்சிழுத்துவிட்டு, நீருக்கடியில் யார் அதிகத் தூரம் போகிறார்கள் என்று பிள்ளைகளைப் போட்டிக்கு விடாதீர்கள். அப்படி இழுக்கும் மூச்சு ரத்தத்தில் கரியமில வாயுவைக் குறைத்துவிடும். மூச்சு முட்டும் உணர்வு வருமுன்பே மூளைக்கு ஆக்ஸிஜன் தீர்ந்து, பிள்ளை சத்தமில்லாமல் நினைவிழக்கும். சீல் குட்டிக்குத் தசையில் நிறையும் அந்தச் சேமிப்பு, எத்தனை கோடை வகுப்புக்கு அனுப்பினாலும் நம் பிள்ளைக்கு வராது.